காகிதமும் கைதியும்

சிறைச்சாலை என்றவுடன் நம் மனக்கண்முன் நிற்பவை உயர்ந்த மதிலும் இரும்புக் கம்பியும் சாவிக்கொத்தோடு நடக்கும் காவலருமே ஆயினும், அதற்குள்ளே நாள் கழிப்பவர்களின் வாழ்க்கையைச் சற்று நெருங்கிப் பார்த்தால், மதிலுக்கு அடுத்தபடியாக, சில வேளைகளில் மதிலைக் காட்டிலும் கடுமையாக, அவர்களை ஆள்வது காகிதம் என்பது விளங்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள சிறைகளில் ஒருவன் தான் உண்ணப்போவது இன்னது என்பதை முன்கூட்டியே உணவுப் பட்டியலில் குறியிட்டுத் தெரிவிக்க வேண்டும். தான் ஈட்டிய சொற்பக் கூலியில் சோப்பும் தேயிலையும் வாங்க விரும்பினால் கேன்டீன் தாளில் பொருளுக்கு நேரே எண்ணிக்கை எழுத வேண்டும். பெற்ற தாயோடு தொலைபேசியில் பேசுவதற்கும் அவளுடைய எண்ணை முன்னதாக எழுதிக் கொடுத்து அனுமதி பெற்றாக வேண்டும். பல்வலிக்கு வைத்தியம், வேலை மாற்றம், கல்வி வகுப்பில் இடம் ஆகிய எதற்கும் 'ஆப்' என்று அங்குள்ளோர் சுருக்கமாக அழைக்கும் விண்ணப்பத் தாளே வழி. அண்மைக் காலத்தில் சில சிறைகளில் தாளுக்குப் பதிலாகக் கணினித் திரை வந்திருக்கிறது. திரையில் தோன்றுவதும் எழுத்துத்தானே!

எழுத்தறிந்தவனுக்கு இவை வெறும் தொல்லைகள். எழுத்து வசப்படாதவன் தவறான கட்டத்தில் குறியிட்டுவிட்டு, வேண்டாத உணவு வந்ததும் சினந்து தட்டைத் தள்ளுகிறான். எண்ணைப் பிழையாக எழுதியதால் வாரக்கணக்கில் வீட்டாரின் குரல் கேளாமல் இருக்கிறான். பக்கத்து அறைக்காரனிடம் தாளை நீட்டி உதவி கேட்டாலோ, தனக்குப் படிக்கத் தெரியாது என்ற ரகசியத்தை அவன் கையில் ஒப்படைத்தவனாகிறான். சிறையில் ஒருவனுடைய பலவீனம் மற்றொருவனுக்கு மூலதனம். தாளை நிரப்பித் தருபவன் கூலி கேட்கக்கூடும். மனைவி எழுதிய கடிதத்தை நாலுபேர் கேட்க உரக்க வாசித்து நகைக்கவும் கூடும். நீதிபதி விதித்தது சுதந்திர இழப்பு ஒன்றையே. பசியும் ஏளனமும் ஓயாத அச்சமும் எந்தத் தீர்ப்பின் எந்த வரியிலும் எழுதப்படாமலேயே அதனோடு வந்து ஒட்டிக்கொள்கின்றன.

இவர்கள் யாவர் என்பதைச் சிறிது தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். பொதுவான புத்தி கூர்மையாகவே இருந்தும், டிஸ்லெக்சியா போன்ற காரணங்களால் எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதிலோ கணக்கிலோ இடர்ப்படுவோர் ஒரு சாரார். பிறவியிலிருந்தே அல்லது இளமைப் பருவத்திலேயே அறிவு வளர்ச்சி குன்றி, புதிய விஷயத்தைக் கிரகிக்கவும் பணத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு நடக்கவும் பிறர் துணையை வேண்டி நிற்போர் மற்றொரு சாரார். நுண்ணறிவு ஈவு எழுபதுக்குக் கீழே இருப்பதை இரண்டாம் சாராருக்கு ஓர் அடையாளமாக மருத்துவர் கொள்வர். எழுபதுக்கும் எண்பதுக்கும் இடையே நின்று, எந்த உதவிக்கும் தகுதி பெறாமல் எல்லாவற்றிலும் பின்தங்குகிற எல்லைக்கோட்டு மனிதர்களோ சிறைகளில் மிகப் பலர். இங்கிலாந்தில் குற்ற வழக்குகளில் சிக்குவோரில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்கு, நீதிமன்றத்தையும் சிறையையும் சமாளிப்பதைப் பாதிக்கும் அளவுக்கு இவ்விரு வகைக் குறைகளுள் ஏதேனும் ஒன்று இருக்கும் என்று சிறைச் சீர்திருத்த அறக்கட்டளை என்னும் ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது.

இத்தனை பேர் இருந்தும் அவர்கள் கண்ணில் படாததற்குக் காரணம், அவர்களே தங்களை மறைத்துக்கொள்வதில் ஆயுட்காலத் தேர்ச்சி பெற்றவர்கள் என்பதுதான். பள்ளிப் பருவத்திலேயே மக்கு என்று பெயரெடுத்துக் கடைசி பெஞ்சில் தள்ளப்பட்ட சிறுவன், விளங்காததை விளங்கியதுபோல் காட்டிக்கொள்ளும் வித்தையை மற்றெல்லாப் பாடங்களுக்கும் முன்பாகக் கற்றுவிடுகிறான். அதிகாரி 'புரிந்ததா?' என்று கேட்டால் தலை தானாக அசைகிறது. கண்ணாடியை அறையில் வைத்துவிட்டு வந்தேன் என்பான். இந்தக் காகிதமெல்லாம் குப்பை என்று கிழித்தெறிவான். மேலும் வற்புறுத்தினால் சண்டைக்கு வருவான். அறியாதவன் என்ற பெயரைவிடப் பொல்லாதவன் என்ற பெயர் சிறைக்குள் எவ்வளவோ மேல் என்பது அவனுடைய தீர்மானம். அந்தத் தீர்மானம் பிழை என்று சொல்லும் தைரியம், வெளியில் சுகமாக அமர்ந்து எழுதும் எனக்கு இல்லை.

மேற்சொன்ன அறக்கட்டளை 2006 முதல் 2008 வரை, 'எவருக்கும் தெரியாது' என்று பொருள்படும் பெயரோடு ஓர் ஆராய்ச்சித் திட்டத்தை நடத்திற்று. அதன் விசேஷம், சிறை அதிகாரிகளின் பதிவேடுகளோடு நின்றுவிடாமல் 173 கைதிகளிடமே நேரில் பேசியதாகும். ஜென்னி டால்பட் எழுதி 2008-இல் வெளிவந்த அறிக்கையைப் படிப்பவர்கள் அதிலுள்ள எண்களை எளிதில் மறக்க மாட்டார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிலும் எல்லைக்கோட்டில் நிற்பவர்களிலும் ஐந்தில் நால்வருக்குச் சிறையில் தரப்படும் தாள்களைப் படிப்பதில் சிரமம். மனச்சோர்வோ மனப்பதற்றமோ இவர்களிடையே பிற கைதிகளைவிட மும்மடங்கு. நீதிமன்றத்தில் நடந்தது என்ன என்பதே விளங்கவில்லை என்று ஐந்தில் ஒருவருக்கு மேல் சொன்னார்கள். தாங்கள் செய்த தவறு இன்னதென்றே அறியாமல் கூண்டில் நின்றவர்களும் அவர்களுள் இருந்தார்கள். இவை வருத்தம் தருபவை. ஆனால் அறிக்கையின் மற்றொரு பகுதி வருத்தத்துக்கு அப்பால் நம்மை யோசிக்க வைப்பது: காவலர்கள் பலாத்காரமாகப் பிடித்து அடக்கும் முறைக்கு இவர்கள் பிறரைவிட ஐந்து மடங்கு அதிகமாக ஆளாகியிருந்தார்கள், தனிக் கொட்டடியில் அடைக்கப்படும் வாய்ப்பும் இவர்களுக்கு மும்மடங்குக்கு மேலாக இருந்தது.

ஏன் இப்படி? இவர்கள் சுபாவத்தில் முரடர்கள் என்று விடை சொல்வது சுலபம். ஆயினும், ஒரு கட்டளை சிறையில் எவ்வாறு பிறந்து எவ்வாறு முடிகிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால் வேறொரு விடை தோன்றும். பூட்டும் நேரம் நெருங்குகிறது. காவலர் ஒரே மூச்சில் மூன்று காரியங்களைச் சொல்கிறார். கேட்பவன் மனத்தில் முதலாவது பதிவதற்குள் மூன்றாவது வந்துவிடுகிறது. அவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். இரண்டாம் முறை அதே சொற்கள், சற்று உரத்த குரலில் வருகின்றன. குரல் உயர்ந்தால் பொருள் விளங்கிவிடும் என்பது உலகெங்கும் உத்தியோகஸ்தர்களுக்குள்ள ஒரு நம்பிக்கை. விளங்காததோடு அச்சமும் சேர்ந்துகொள்ளவே, அவன் கையை உதறுகிறான், அல்லது அறைக்குள் நுழைய மறுக்கிறான். பின்னர் நாலு பேர் வந்து அவனைப் பிடித்து அழுத்துகிறார்கள். பதிவேட்டில் 'உத்தரவை மீறினான்' என்ற வாக்கியம் ஏறுகிறது. அது பொய்யன்று, ஆனால் அது முழு உண்மையும் ஆகாது. 1995-இல் அந்நாட்டுச் சிறைகளில் நடைமுறைக்கு வந்த சலுகைப் படிநிலைத் திட்டத்தில், நன்னடத்தைக்கு ஏற்ப மேற்படிக்கு உயர்வதும் இத்தகைய குறிப்புகளால் கீழ்ப்படிக்குத் தள்ளப்படுவதும் உண்டாகையால், புரியாமை என்னும் ஒரு மூலகாரணம் வேலை, வருமானம், அறையிலுள்ள தொலைக்காட்சி, உறவினர் சந்திப்பு என்று அவனுடைய நாளின் ஒவ்வொரு மூலைக்கும் பரவிவிடுகிறது.

புரியாமல் தலையசைப்பவனை நம்பி நீதியை நடத்துவதன் விபரீதம் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதை இங்கிலாந்து ஒரு சமயம் பயங்கரமாக அறிந்தது. 1953 ஜனவரி 28-ஆம் நாள் லண்டன் வாண்ட்ஸ்வொர்த் சிறையில் டெரெக் பென்ட்லி என்ற பத்தொன்பது வயது இளைஞனைத் தூக்கிலிட்டார்கள். கிராய்டன் நகரில் ஒரு கிடங்கின் கூரைமேல் காவலரைச் சுட்டுக் கொன்றவன் அவனுடைய கூட்டாளியான பதினாறு வயதுக் கிறிஸ்டோபர் கிரெய்க். வயது போதாமையால் கிரெய்க்கைத் தூக்கிலிடச் சட்டம் இடம் தரவில்லை. சுடப்பட்ட வேளையில் ஏற்கெனவே காவலரிடம் பிடிபட்டிருந்த பென்ட்லியோ தப்பவில்லை. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; அறிவு வளர்ச்சியும் குறைவு. காவலர் எழுதிய வாக்குமூலம் அவனுக்கு வாசித்துக் காட்டப்பட்டதாகவும் அவன் கையொப்பமிட்டதாகவும் ஆவணம் கூறிற்று. 45 ஆண்டுகள் கழித்து, 1998 ஜூலையில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. விசாரணை நீதிபதி ஜூரிகளுக்குச் சொன்ன விளக்கமே நியாயமான விசாரணையை அவனுக்கு மறுத்துவிட்டது என்று அது கண்டது. அவனுக்காக வாழ்நாள் முழுவதும் போராடிய சகோதரி ஐரிஸ் அந்தத் தீர்ப்பைக் கேட்க உயிரோடில்லை; முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

அதே வாண்ட்ஸ்வொர்த் சிறையிலேதான், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், கைதிக்குக் கைதியே எழுத்து கற்பிக்கும் ஓர் அழகிய ஏற்பாடு வேரூன்றியது என்பதையும் சரித்திரம் பதிந்து வைத்திருக்கிறது. சசெக்ஸ் பிரதேசத்து விவசாயி கிறிஸ்டோபர் மார்கன் என்பவர், டாம் ஷானன் என்ற ஆயுள் கைதியோடு நெடுங்காலம் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். அக்கடிதங்கள் 1996-இல் நூலாக வெளிவந்தன. அதில் கிடைத்த வருமானத்தைக் கொண்டு அடுத்த ஆண்டு ஷானன் அறக்கட்டளை தோன்றிற்று. படிக்கத் தெரிந்த கைதி, படிக்கத் தெரியாத கைதியோடு ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், வாரத்தில் ஐந்து நாள் அமர்ந்து, கீடா கௌலிங் என்ற ஆசிரியை தொகுத்த 'டோ பை டோ' பாட நூலைக் கொண்டு, ஒலியிலிருந்து அசைக்கும் அசையிலிருந்து சொல்லுக்கும் மெல்ல மெல்ல அழைத்துச் செல்வதே இதன் முறை. 2015 முதல், வயது வந்தவர்களுக்கென்றே எழுதப்பட்ட 'டர்னிங் பேஜஸ்' என்னும் புதிய பாடவரிசை அதன் இடத்தைப் பெற்றது.

இந்த ஏற்பாட்டில் நான் காணும் சிறப்பு அதன் சிக்கனத்தில் இல்லை, சிக்கனமும் உண்டென்றாலும். வகுப்பறை என்ற சொல்லைக் கேட்டாலே பால்யத்தின் அவமானங்கள் நினைவுக்கு வருகிறவன், கரும்பலகைக்கு எதிரே பத்துப் பேர் நடுவில் உட்கார இசைய மாட்டான். தன்னைப் போலவே சிறையுடை அணிந்து, தன்னைப் போலவே தண்டனை அனுபவிக்கும் ஒருவன் அறை வாசலில் புத்தகத்தோடு வந்து நின்றால் இசைகிறான். பரீட்சை இல்லை; மதிப்பெண் இல்லை; பக்கத்தில் எவரும் வேடிக்கை பார்ப்பதில்லை. இருபது நிமிஷம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடலாம். கற்பிப்பவனுக்கும் இதில் ஒரு லாபம் இருக்கிறது. வெளியுலகத்தில் எவருக்கும் உபகாரம் செய்யாதவன் என்று தன்னைப் பற்றித் தானே முடிவு கட்டியிருந்த மனிதன், இன்னொருவன் தன் மகளுக்கு முதல் கடிதம் எழுதுவதற்குத் தான் காரணமாயிருப்பதைப் பார்க்கிறான். சம்பளம் வாங்கும் உபதேசிகள் பலர் சேர்ந்தும் சாதிக்க முடியாத சீர்திருத்தம் சில சமயம் அந்த இருபது நிமிஷத்தில் நிகழ்ந்துவிடுவதை நான் நம்புகிறேன்.

எனினும் இந்த மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது. டிஸ்லெக்சியா உள்ளவனும், பள்ளி வாசலே மிதியாதவனும் இவ்விதம் சில மாதங்களில் படிக்கத் தொடங்கலாம். அறிவு வளர்ச்சியே குன்றியவனுக்கு எழுத்து என்றுமே எட்டாமல் போகலாம். அவனை எழுத்தண்டை இழுப்பதைவிடச் சிறையை அவனண்டை கொண்டுவருவதே முறை. சிறைக் கட்டளைகளைச் சிறுசிறு வாக்கியங்களாக்கி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் படம் போட்டுத் தருவது, உணவுப் பட்டியலில் உணவின் படத்தையே அச்சிடுவது, ஒரு நேரத்தில் ஒரே விஷயத்தைச் சொல்லி அதை அவனைக் கொண்டே திருப்பிச் சொல்லச் செய்வது, நாளின் ஒழுங்கு மாறப்போகிறதென்றால் முன்கூட்டியே அறிவிப்பது, எவரிடம் சென்று கேட்கலாம் என்பதற்கு ஒரு முகத்தை அடையாளம் காட்டி வைப்பது ஆகிய இவை பெரும் பொருட்செலவைக் கோருபவை அல்ல. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் ஊனமுற்றோருக்குத் தக்கவாறு நடைமுறையைத் திருத்திக்கொள்ளும் கடமையைச் சிறைகள் மீதும் சுமத்தியிருக்கிறது. ஆனால் சட்டத்தின் ஏட்டில் இருப்பதற்கும் இரவுக் காவலர் இருவர் ஒரு முழுப் பிரிவையே பார்த்துக்கொள்ளும் நெருக்கடியில் நடப்பதற்கும் உள்ள தூரம் சிறிதன்று.

அந்தத் தூரம் சிறைவாசத்தின் நீளத்தையே கூட்டிவிடுவதுதான் இவ்விஷயத்தில் எனக்கு மிகவும் கொடுமையாகத் தோன்றுவது. இங்கிலாந்தில் 2005 முதல் 2012 வரை, பொதுமக்கள் பாதுகாப்புக்கான சிறைவாசம் என்ற பெயரில் காலவரம்பற்ற தண்டனை ஒன்று விதிக்கப்பட்டு வந்தது. நீதிபதி குறித்த குறைந்தபட்சக் காலம் முடிந்த பின்பும், தான் இனி அபாயமற்றவன் என்பதைக் கைதியே பரோல் வாரியத்தின் முன் நிரூபித்தால்தான் விடுதலை. நிரூபிக்கும் வழி என்ன? கோபத்தை அடக்குதல், சிந்தித்துச் செயற்படுதல் முதலியவற்றுக்கான பயிற்சி வகுப்புகளை முடித்துச் சான்று பெறுதல். அந்த வகுப்புகளில் சேருவதற்கோ நுண்ணறிவு ஈவு எண்பதுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை! அறிவுசார் குறைபாடு உள்ளவன் வகுப்பில் சேர முடியாது. சேராதவன் சான்று பெற முடியாது. சான்று இல்லாதவன் வெளியேற முடியாது. சில மாதங்களையே குறைந்தபட்சக் காலமாகப் பெற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடக்க நேர்ந்ததற்குக் காரணங்கள் பல உண்டு. இவர்களுக்கு இந்தக் காரணமும் சேர்ந்துகொண்டது. 2010-இல், காலவரம்பற்ற தண்டனை பெற்ற, அறிவுசார் குறைபாடுடைய கைதி ஒருவர் தொடுத்த வழக்கில், அவரால் பங்கேற்கக்கூடிய வகையில் வகுப்புகளை மாற்றியமைக்கத் தவறியது அரசாங்கத்தின் கடமை மீறல் என்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012-இல் அந்தத் தண்டனை முறை ஒழிக்கப்பட்டது. ஒழிப்பு முன்தேதியிட்டுச் செல்லாமையால், அதற்கு முன்பே அந்தத் தண்டனையைப் பெற்றவர்கள் அதன் பிடியிலேயே விடப்பட்டார்கள்.

டால்பட்டின் அறிக்கைக்குப் பின்னர் நிகழ்ந்த சீர்திருத்தங்களைச் சுருங்கச் சொல்லலாம். 2009-இல் பிராட்லி பிரபு ஓர் அறிக்கையில், இத்தகையோரைக் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலுமே இனங்கண்டு உரிய உதவிக்குத் திருப்ப வேண்டும் என்றார். 2015-இல் கூட்டு ஆய்வாளர்கள் சிறைகளுக்குச் சென்று பார்த்து, இனங்காணும் வேலையே இன்னும் சரிவர நடைபெறவில்லை என்று குறை கூறினார்கள். 2021-இல் மற்றோர் ஆய்வு, சிறைக்கு வருவோரில் பாதிப் பேருக்கு நரம்பியல் வளர்ச்சி சார்ந்த ஏதாவதொரு வேறுபாடு இருக்கக்கூடும் என்றது. அதைத் தொடர்ந்து ஒவ்வொரு சிறைக்கும் இவர்களுக்கு உதவுவதற்கெனத் தனி மேலாளரை நியமிக்கலானார்கள். தெற்கு வேல்ஸின் பார்க் சிறையில் இத்தகையோருக்கென ஒரு தனிப் பிரிவே இயங்குகிறது. ஆட்டிசம், கவனக் குறைவுக் கோளாறு, டிஸ்லெக்சியா எல்லாவற்றையும் ஒரே குடைக்கீழ்க் கொண்டுவரும் இப்புதிய போக்கை நான் வரவேற்கிறேன். ஆயினும், குடை விரிய விரிய, தன் குறையைச் சொல்லவே தெரியாத அறிவுசார் குறைபாடுடையவன் அதன் ஓரத்தில் நனைந்துகொண்டு நிற்க நேருமோ என்ற கவலையும் எனக்குண்டு. பேசத் தெரிந்தவன் எங்கும் முன்னால் வந்துவிடுவான்.

சிறையை இவர்களுக்கேற்ப மாற்றுவதற்கு எதிராகச் சொல்லப்படும் இரண்டு வாதங்களை நான் அலட்சியம் செய்ய விரும்பவில்லை. குற்றத்தால் துன்புற்றவர்களின் கண்ணீர் உலராதிருக்கையில் குற்றவாளியின் சௌகரியத்தைப் பற்றி என்ன பேச்சு என்பது ஒன்று. அந்தக் கண்ணீருக்குரிய மரியாதை குறையக் கூடாது. ஆனால் தண்டனை தன் செயலுக்கு வந்தது என்பதை உணர முடியாதவனுக்கு விதிக்கப்படும் தண்டனை, துன்புற்றவருக்கும் எந்த ஆறுதலையும் தருவதில்லை. எதற்காகச் சிறையிலிருக்கிறோம் என்பதை அவனுக்கு விளங்க வைப்பதும், மறுபடி அந்தப் பாதையில் செல்லாதிருக்க அவனைப் பழக்குவதும், அவனைவிட நமக்கே லாபம். இவர்கள் சிறையிலேயே இருக்கத் தகாதவர்கள், மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாமே என்பது மற்றொன்று. சிலரைப் பொறுத்தவரை அது சரி. அறிவு வளர்ச்சிக் குறைவோ வைத்தியத்தால் தீரும் நோய் அன்று; விடுதலைத் தேதி குறிக்கப்படாத மருத்துவக் காவல், தேதி குறிக்கப்பட்ட சிறைவாசத்தைவிட நீண்டுவிட்ட சம்பவங்களும் உண்டு. ஆகவே எத்தனை பேரை வெளியே திருப்பினாலும், கணிசமானவர்கள் சிறைக்குள் இருக்கவே செய்வார்கள்.

நம் நாட்டுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு, 2025 ஜூலை 15-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சிறைகளைக் குறித்து அளித்த தீர்ப்பை நினைவூட்டுவேன். உடற்குறையுள்ள வழக்கறிஞர் ஒருவர் சிறையில் பட்ட துயரத்திலிருந்து எழுந்த வழக்கு அது. நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் அந்த ஒருவரோடு நில்லாமல், மாற்றுத்திறனாளிகளைச் சிறைக்குள் வரும்போதே இனங்காண வேண்டும், சிறை விதிகளை அவரவருக்கு விளங்கும் வடிவில், எளிய மொழி உட்பட, தர வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும், மாநிலத்தின் சிறை விதிநூலையே ஆறு மாதத்துக்குள் திருத்த வேண்டும் என்று ஆணையிட்டார்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தைக் கட்டிவிட்டால் அது எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆய்வுக்கு வரும் அதிகாரி அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொள்ளவும் கூடும். எளிய மொழி என்ற ஆணை நிறைவேறியதா என்பதை அப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முந்தைய சட்டத்திலிருந்த ஏழு வகைகளை 21 ஆக விரித்தபோது, அறிவுசார் குறைபாட்டோடு குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது என்பதை நம் சிறைக்கூடங்களில் எத்தனை பேர் அறிவர்?

இங்கிலாந்துக்கு இல்லாத ஒரு சங்கடமும் நமக்கு உண்டு. பள்ளிக் கல்வி கட்டாயமாக வேரூன்றிய அந்நாட்டில், ஒருவனுக்குப் படிக்கத் தெரியவில்லை என்றால் ஏதோ குறை இருக்கலாமென்ற சந்தேகமாவது எழுகிறது. நம் நாட்டுச் சிறைவாசிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் எழுத்தறிவே இல்லாதவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரம் கூறுகிறது. கைநாட்டு வைப்பது இங்கே வறுமையின் சாதாரண அடையாளம். அதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. ஏழையாய்ப் பிறந்ததால் பள்ளிக்குச் செல்லாதவனும், சென்றும் கற்க முடியாதவனும் ஒரே நிழலில் மறைந்துபோகிறார்கள். அவ்விருவருக்கும் வேண்டிய பரிகாரமோ வெவ்வேறு. அன்றியும், 2022-ஆம் ஆண்டின் கணக்குப்படி நம் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன், வாய்தா, குற்றப்பத்திரிகை என்ற சொற்களின் சுழலில், தனக்கு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும் உரிமை உண்டென்பதையே அறியாமல், அடுத்த வாய்தா என்றைக்கு என்று கேட்டால் விரல் விட்டு எண்ணத் திகைக்கிறவன் எத்தனை மாதம் உள்ளே இருப்பான் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

முதலில் செய்ய வேண்டியது சிறை வாசலிலேயே இருக்கிறது. புதிதாக வருபவனின் உயரத்தையும் அங்க அடையாளத்தையும் எழுதிக்கொள்ளும் அதே வேளையில், நீ எந்த வகுப்பு வரை படித்தாய், கடைக்குச் சென்று சில்லறை வாங்கி வருவாயா, தனியாகப் பஸ் ஏறி ஊருக்குப் போவாயா, மாத்திரையை நீயே எடுத்துக்கொள்வாயா என்று பொறுமையாக நாலு கேள்வி கேட்டால், எந்தப் பரீட்சையும் வைக்காமலேயே சந்தேகத்துக்குரியவர்கள் வெளிப்படுவார்கள். அவர்களை மட்டும் மனநல மருத்துவரிடம் அனுப்பினால் போதும். மகனைச் சந்திக்க மனுக் கொடுத்து வரும் தாயைக் கேட்டால் இன்னும் சுலபம். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான் ஐயா என்று அவள் சொல்லும் ஒரு வாக்கியத்தில் நிபுணரின் அறிக்கையில் உள்ளது பாதி அடங்கியிருக்கும். அவளை எவரும் கேட்பதில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழு அனுப்பும் வழக்கறிஞர், இத்தகைய கைதியிடம் வக்காலத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு நகராமல், இரண்டு சந்திப்புகளிலாவது வழக்கை விளக்க வேண்டும். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் தேறிச் செய்தித்தாளில் பெயர் பெறும் சிறைவாசிகள் நம் மத்தியச் சிறைகளில் இருக்கிறார்கள். இருபது நிமிஷப் பாடத்துக்கு ஆசிரியர்களை வெளியே தேட வேண்டியதில்லை. அவர்களுடைய உழைப்புக்குத் தண்டனைக் குறைப்பில் சில நாட்களை வெகுமதியாகத் தரலாம். ஆனால் பிறர் கடிதத்தைப் படிக்கும் பொறுப்பு யார் கையில் செல்கிறதென்பதை அதிகாரிகள் கவனிக்காவிட்டால், உபகாரமே மிரட்டலாக மாறிவிடும் அபாயமும் உண்டு.

விதிநூலைத் திருத்துகிறவர்கள் இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நம் சிறைகள் பலவற்றை இன்றும் ஆளும் 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம், 45-ஆவது பிரிவில் சிறைக் குற்றங்களை வரிசைப்படுத்துகையில், விதிகளை வேண்டுமென்றே மீறுவதையே குற்றமாகச் சொல்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே மனமறிந்த மீறலை மட்டும் தண்டிக்க நினைத்தது. 2015 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 39-ஆவது, அறிவுசார் குறைபாட்டின் நேரடி விளைவான நடத்தைக்கு எந்தத் தண்டனையும் கூடாது என்று திட்டவட்டமாகத் தடுக்கிறது. ஆகவே, ஒரு சிறைவாசியின் சலுகையைப் பறிப்பதற்கோ, அவனைத் தனியறையில் அடைப்பதற்கோ, தண்டனைக் குறைப்பு நாட்களை வெட்டுவதற்கோ முன்பாக, அவனுக்கு இடப்பட்ட உத்தரவு என்ன என்பதை அவன் வாயாலேயே சொல்லக் கேட்டு, அவன் சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே பதிவேட்டில் எழுதி, எழுதியதை அவனுக்கும், அவன் நம்பும் ஒருவருக்கும் வாசித்துக் காட்டிய பிறகே கண்காணிப்பாளர் கையெழுத்திட வேண்டும் என்று திருத்தப்படும் நூலில் ஒரு விதி ஏறட்டும். அதற்குச் செலவாகும் நேரம், அவனைப் பிடித்து அடக்க நாலு காவலர்கள் ஓடிவரும் நேரத்தைவிட அதிகமாயிராது.